கிளிப்பைத் திருப்பிய புதன்கிழமை

புதன்கிழமை காலை, பப்புக்குக் கீழே பீர்ப் பீப்பாய்கள் வைக்கும் குளிரறையான செல்லரின் கதவைத் திறந்தேன். திங்களன்று நான் பார்த்துப் பார்த்துக் கிடத்திய பீப்பாய், இடம் மாறி வாசலுக்கு நேரே கிடந்தது.

லிட்டில் இந்தியாவின் ஓரத்தில், பழைய கடைவீடு ஒன்றில் நடக்கும் இங்கிலீஷ் பப் எங்களுடையது. பதினோரு வருடமாக அதன் செல்லர் என் பொறுப்பு. எங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ரியல் ஏல். மற்ற பீர் மாதிரி வடிகட்டி, கேஸ் ஏற்றி வருவதல்ல அது. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பன்னிரண்டு டிகிரியில் இரண்டு நாள் அசையாமல் கிடந்தால்தான் மண்டி அடியில் தங்கும், ஏல் தெளியும். உருட்டினால் மறுபடி முதலிலிருந்து.

உருட்டச் சொன்னவர் கார்த்திக், சென்னையிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன மேனேஜர். மதியம் மூன்று மணிக்கு ஒரு கம்பெனியிலிருந்து முப்பது பேர் ரியல் ஏல் குடிக்க வருகிறார்கள். செல்லரையும் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். போட்டோவில் பீப்பாய் அழகாக விழ வேண்டுமாம்.

மேலே பாருக்குப் போய், பீப்பாயிலிருந்து ஏலை மேலே இழுக்கும் கைப்பம்பில், அதன் பெயர் போட்ட கிளிப்பைத் திருப்பி வைத்தேன். பெயர் எங்கள் பக்கம் பார்த்தால் 'இன்றைக்கு இது இல்லை' என்று அர்த்தம். இந்தத் தொழிலின் வழக்கம் அது. கார்த்திக் வந்து நேராக்கினார். நான் மறுபடி திருப்பினேன்.

"அக்கா, நீங்க பீர் குடிக்கவே மாட்டீங்க. ரெடியா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் காத்தோங் பக்கம் ஒரு கோயிலில் அன்னதானத்துக்குச் சமைக்கப் போகிறவள். சாமிக்குப் படைக்கும் முன் ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்க மாட்டோம். உப்பு போதுமா என்பதை வாசனையிலேயே சொல்லிவிடுவேன்.

"கோயில்ல ருசி பாக்காமத்தான் சமைக்கிறேன் தம்பி. இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல லா."

அதுவரை அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். 'தம்பி' தானாக வந்துவிட்டது. வந்தது வந்ததுதான்.

ஒரு கிளாஸ் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. இதை நீங்கள் முழுசாகக் குடித்தால் கிளிப்பை நானே நேராக்குகிறேன் என்றேன். அவர் மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று மட்டும் முணுமுணுத்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"தெரியாதவங்கன்னா எதை வேணா ஊத்திக் குடுக்கலாமா?"

கிளிப்பைக் கழற்றி ஏப்ரன் பையில் போட்டேன். கீழே போய்ப் பீப்பாயின் குழாயை மூடினேன். செல்லரைப் பூட்டிச் சாவியையும் என்னிடமே வைத்துக்கொண்டேன். முப்பது பேரும் எல்லா இடத்திலும் கிடைக்கும் லாகர் பீரைக் குடித்துவிட்டு முனகிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் வார்னிங் லெட்டர் வந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். ஐம்பத்தாறு வயதில் இந்த ஊரில் எனக்கு வேறு செல்லர் எங்கே கிடைக்கும்? காலையில் செங்காங் வீட்டிலிருந்து ரயிலில் வரும்போதே பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் லெட்டரில் 'மேனேஜர் சொன்னதைச் செய்யவில்லை' என்று மட்டும் இருந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

"எதைச் செய்யலைன்னும் எழுதுங்க. அப்புறம் போடறேன்."

அரை மணி நேரம் வாதாடினார். கடைசியில் 'தெளியாத ஏலை வாடிக்கையாளருக்குக் கொடுக்க மறுத்தார்' என்று இங்கிலீஷில் ஒரு வரி சேர்த்தார். உடனே கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஏல் பளிச்சென்று தெளிந்திருந்தது. கிளிப்பை நானே நேராக மாட்டினேன்.

அந்த லெட்டரின் நகல் இன்றைக்கும் செல்லர் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. கார்த்திக் இரண்டு முறை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் பெரிதாகப் பாடம் எடுப்பதில்லை. முதல் நாள் அந்தக் கடைசி வரியை வாசிக்கச் சொல்வேன். பதினோரு வருடத்தில் இந்த பப் எனக்கு எழுதிக் கொடுத்த ஒரே நற்சான்றிதழ் அது.