அத்தைக்கு நான் போட்ட நட்சத்திரம்

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு ஆங்கிலத் தேர்வில் முதலாவதாக வந்துவிட்ட ஒரே காரணத்தால், அந்த விடுமுறையில் நான் உலகத்தையே திருத்தக் கிளம்பினேன். கையில் அகப்பட்டவர் அத்தை.

அப்பாவும் அம்மாவும் சிம்பாங் ரெங்கத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால், என்னை ஆயர் ஈத்தாமில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அப்பாவின் தங்கையான அவர் சாலையோரத்து மண்பாண்டக் கடை ஒன்றில் வேலை செய்தார். மூன்று வருடம் பின்கட்டில் உட்கார்ந்து, பூச்சாடிகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டியவர். அந்த வருடம்தான் முதலாளி அவரை வாசலில் நின்று விற்கச் சொல்லியிருந்தார். அதற்கென்றே அத்தை ஓர் உதட்டுச்சாயம் வாங்கியிருந்தார். காலையில் அதைப் பூசிக்கொள்ளும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்குகிறவர்களோடு அத்தை பேசிய ஆங்கிலம், மலாய்ப் பேச்சை அப்படியே ஆங்கிலச் சொற்களில் தூக்கிப் போட்டதுபோல் இருக்கும். நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே வினைச்சொல். ஆண், பெண், பூச்சாடி எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஹீ’தான். ஒரு சாடியை விரல் முட்டியால் தட்டி, “ஹீ வெரி ஸ்ட்ராங், ஹீ நெவர் கிரை லா!” என்பார். சாடி அழாதாம். வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு வாங்கிப் போவார்கள்.

எனக்கோ மானம் போயிற்று. குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். என்னுடையது மண்பாண்டக் கடையிலேயே ஆடியது. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தப்புக்கும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. அதோடு விட்டேனா? வாங்க வந்தவர்கள் எதிரிலேயே, “அத்தை, சாடிக்கு ஹீ இல்ல, இட்!” என்று சத்தம் போட்டேன்.

அத்தை சிரித்தார். அண்ணன் மகள் பள்ளியில் முதலாவது என்று அவர்களிடம் பெருமையாகவும் சொன்னார். அதையும் தப்பாகத்தான் சொன்னார். இன்னொரு கோடு போட்டேன்.

முதல் நாள் நாற்பத்தொரு கோடுகள். இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. மறுநாள் அத்தை வாயைத் திறக்குமுன் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ‘இஸ்’ போடுவதா ‘வாஸ்’ போடுவதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், வந்தவர்கள் அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டார்கள். இருபது. மூன்றாம் நாள் விலையைக்கூட விரலால்தான் காட்டினார். விரலில் இலக்கணப் பிழை வராது. ஏழு.

நான்காம் நாள் முதலாளி வாசலில் வேறொரு பெண்ணை நிறுத்திவிட்டு, அத்தையைப் பின்கட்டுக்குப் போகச் சொன்னார்.

நானும் நோட்டோடு பின்னால் போனேன். அங்கே மின்விசிறி ஓடியது, உட்கார நாற்காலி இருந்தது. வெயிலில் நிற்பதைவிட இது நல்ல இடம் என்றே எனக்குப் பட்டது. அத்தை அன்று உதட்டுச்சாயம் பூசவில்லை. தலை குனிந்தபடி செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

“இங்க நல்லாருக்குல்ல, அத்தை?”

“நல்லாத்தாம்மா இருக்கு. யார்கிட்டயும் பேச வேணாம்ல.”

சாயங்காலம்வரை காத்திருந்தேன். ஒரு கோடுகூட விழவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலே நாளில் அத்தையைத் தப்பே இல்லாதவராக ஆக்கிவிட்டேன்! அன்றைய தேதிக்கு எதிரே பெரிய பூஜ்யம் போட்டு, பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டி, பள்ளி நோட்டில் பெற்றோரிடம் வாங்குவது போல அத்தையிடம் கையெழுத்துக் கேட்டேன்.

அத்தை கையில் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டு, தன் முழுப் பெயரையும் ஆங்கிலத்தில் மெதுவாக எழுதிக் கொடுத்தார். அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் நோட்டை மூடினேன்.