காடைகள் கூப்பிட்ட வயல்

காடைக்கறி தின்பதற்காகவே ஜூலையில் யாங்கோன் போனேன். கொட்டும் மழையில் யாராவது போவார்களா என்று நண்பர்கள் கேட்டார்கள். அங்கே பபேடான் பகுதியில் சோற்றுக்கடை நடத்தும் கோகிலா அக்கா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். போனமுறை அவர் செய்த காடை வறுவலின் ருசி என்னை விடவில்லை.

இறங்கியதுமே ஏமாற்றம். "மழையில காடை குஞ்சு பொரிக்கும் தம்பி. அறுப்பு முடிஞ்சாத்தான் கறி," என்றார் அக்கா. காலையில் வயலுக்குப் போவதாகவும், வேண்டுமானால் கூட வரலாம் என்றும் சொன்னார்.

க்யிம்யிண்டைங் படகுத்துறையிலிருந்து ஆற்றைக் கடக்கப் பத்து நிமிடம். அக்கரையில் மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம், பாதி வழி சேறு. போகும்போதுதான் விஷயம் தெரிந்தது. அது ஊ ஹ்லா என்ற பர்மியரின் மேட்டு வயல். முன்பெல்லாம் அறுப்பு முடிந்ததும் வலைக்காரர்கள் ஒரு காடைக்குஞ்சு விடாமல் அள்ளிப்போவார்கள். மறு வருடம் வயலே ஊமையாகக் கிடக்கும். கடந்த இரண்டு அறுப்பாக, முறைப்படி அனுமதி வாங்கி, அக்காதான் அங்கே காடை பிடிக்கிறார். பாதி வயலில்தான் வலை. சிக்கும் பெட்டைகளைப் பறக்கவிட்டு, சேவல்களை மட்டும் எடுப்பார். மறுபாதியில் கால் வைப்பதில்லை.

ஊ ஹ்லாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. பழைய வலைக்காரர்களும் அந்த வயலைக் கேட்டு நெருக்கினார்கள். காடை பெருகியிருந்தால் வயலில் பிடிக்கும் உரிமை அக்காவுக்கு, இல்லையென்றால் அவர்களுக்கு. இன்று காடைகளின் கூப்பாட்டைக் காதால் கேட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்.

வரப்பில் ஊ ஹ்லா வெற்றிலை மென்றபடி நின்றிருந்தார். தூறலும் தவளைச் சத்தமும்தான். வெகுநேரம் நின்றோம். அவர் பர்மிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"ஒண்ணும் கேக்கலையாம், போலாம்ங்கறாரு," என்றார் அக்கா.

தூறல் நின்றது. வலைபடாத பாதியிலிருந்து 'விட்-விட்' என்று ஒரு சேவல் கூப்பிட்டது. தள்ளி இன்னொன்று பதில் கொடுத்தது. பிறகு வலை போட்ட பாதியிலும், எங்களுக்கு இரண்டு பக்கமும். விரல் மடக்கி எண்ணிய ஊ ஹ்லா கொஞ்ச நேரத்தில் எண்ணுவதையே விட்டுவிட்டார். வரப்புப் புல்லைக் கடந்து ஒரு தாய்க்காடை ஓடியது. பின்னாலேயே வண்டு வண்டாகக் குஞ்சுகள்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டு அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னக்கா சொன்னாரு?"

"வயல் ஒனக்குத்தான் கோகிலாங்கறாரு. பக்கத்து வயல்காரர்ட்டயும் பேசறாராம்."

திரும்பி வந்து படகுத்துறையில் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டோம். அக்கா இரண்டாவது கிண்ணமும் வாங்கினார். காடைக்கறி கிடைக்காத இந்தப் பயணத்தில்தான் நான் வயிறும் மனசும் நிறைந்து சாப்பிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: நாட்டு நிலவரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மழையில் போனால் ரப்பர் செருப்பு போதும். அந்த மாதங்களில் யாராவது காட்டுக்காடை விற்றால் வாங்காதீர்கள், அது குஞ்சுகளை விட்டு வந்த தாயாக இருக்கும். மற்ற நாளிலும் எங்கே, எப்படிப் பிடித்தது என்று கேளுங்கள். அறுப்பு முடிந்திருக்கும் ஜனவரி நல்ல மாதம். நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். பக்கத்து வயல்காரரும் ஒப்புக்கொண்டாராம், இந்த முறை அக்காவிடம் இரண்டு வயல்.