கீழ்வீட்டு மிஸ்ஸியும் நாங்கள் துணி துவைத்த தண்ணீரும்

கருங்கல் சுவரின் அடியிலிருந்து நீலநிறத் தண்ணீர் கசிந்து வந்ததை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நான், என் வீட்டுக்காரர், சுவருக்குக் கீழே குடியிருந்த மிஸ்ஸி. பேராதனை ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த அவரை எங்கள் மஹய்யாவ மேட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து எங்கள் பின்விறாந்தைத் துளைக்குள் ஊற்றச் சொன்னவரும் அவர்தான்.

வாடகை வீடுகளிலேயே வாழ்ந்து பழகிய நாங்கள் அப்போதுதான் அந்த வீட்டை வாங்கியிருந்தோம். மலைச்சரிவு என்பதால் எங்கள் முற்றமும் மிஸ்ஸியின் கூரையும் ஒரே மட்டத்தில் இருந்தன. எங்கள் மண்ணைத் தாங்கி நின்றது அந்தக் கருங்கல் சுவர். குடிவந்த வாரமே வொஷிங் மெஷினைப் பின்விறாந்தையில் வைத்து, அதன் குழாயைத் தரையில் ஏற்கெனவே இருந்த துளைக்குள் செருகிவிட்டோம். தண்ணீர் களகளவென்று உள்ளே இறங்கியது. சில வேளைகளில் துளையிலிருந்து ஊத்தை நாற்றம் வந்தது. பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸி படியேறி வந்தார்.

“தங்கச்சி, உங்க மெஷின் தண்ணி எங்க போகுதுன்னு தெரியுமா?”

“ரோட்டுச் சாக்கடைக் கானுக்குத்தான் போகும் மிஸ்ஸி.”

“எனக்கும் சரியாத் தெரியல. வாங்க, பார்த்துருவோம்.”

கீழே போனதும், சுவர் ஈரமாக இருப்பது மழைத் தண்ணீரால்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். நீலம் வெளியே வந்ததும் அவரே கொத்தனாரைக் கூப்பிடப் போனார். மிஸ்ஸி “நான் சொன்னேன்தானே” என்று சொல்லவில்லை. எங்களுக்கு முன் அங்கிருந்தவர்களிடம் அவர் பல தடவை முறையிட்டதையும், அவர்கள் மலை ஊற்றுத் தண்ணீர் என்று அடித்துப் பேசிவிட்டு முகம் பார்ப்பதையே நிறுத்திக்கொண்டதையும் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அறிந்தோம். அத்தனை கசப்புக்குப் பிறகும் புதிதாக வந்த எங்களிடம் அவர் கோபத்தைக் கொண்டு வரவில்லை. ஒரு கேள்வியை மட்டும் கொண்டு வந்தார். அது அவரால் எப்படி முடிந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.

மேசன் பாஸ் தரையை உடைத்தபோது விஷயம் வெளிச்சமானது. குளியலறைக் குழாய்கள் ஒழுங்காகக் கழிவுக்குழிக்குப் போயின. துணி துவைக்கும் தண்ணீர்க் குழாய் மட்டும் தரைக்கடியில் ஒரு முழம் ஓடி, வெறும் மண்ணுக்குள் நின்றுவிட்டது. துவைத்த தண்ணீர் முழுவதையும் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மண்மேடுதான் குடித்திருந்தது. சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

தெருக்கானுக்குக் குழாய் கொண்டுபோக மிஸ்ஸியின் தோட்டத்தைத் தவிர வேறு வழி இல்லை. மற்றப் பக்கம் முழுக்கப் பாறை. எப்படிக் கேட்பது என்று நாங்கள் தயங்கி நிற்க, அவர் தன் அந்தூரியச் செடிகளைத் தானே வேரோடு கிளப்பி ஓரமாக வைக்கத் தொடங்கிவிட்டார். நாற்றம் ஏறாமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு ஒன்று, சரிவு குறையாத அகலமான குழாய், சுவரில் ஈரம் வடியத் துளைகள் எல்லாவற்றையும் மேசன் பாஸ் செய்து முடித்தார். இடையில் மூடி போட்ட ஒரு தொட்டி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது மிஸ்ஸிதான். “வார்டுல எத்தனை டியூப் பார்த்திருக்கேன். உள்ள போறத மட்டும் பார்த்தாப் போதாது தங்கச்சி, வெளிய வர்றதையும் பார்க்கணும்” என்றார். அந்த மூடியை இப்போதும் அடிக்கடி திறந்து பார்க்கிறேன்.

அந்த வருடக் கடைசியில் மழை விடாமல் பெய்தது. மேட்டில் சில இடங்களில் மண் சரிந்து பாதை அடைபட்டது. மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில் சுவரைப் பார்க்கக் கீழே போனேன். சுவர் அசையவில்லை. துளைகளிலிருந்து தெளிந்த தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மிஸ்ஸி என்னை வீட்டுக்குள் கூப்பிட்டார். சுவரை ஒட்டிய பின் அறையில், பாரிசவாதம் வந்து எழ முடியாத அவருடைய கணவர் படுத்திருந்தார். அவர் சுகமில்லாதவர் என்று தெரியும். படுக்கை அந்த அறையில் என்பது தெரியாது. கட்டிலின் காலடியிலிருந்து முன்கூடமான ஹோல் வரைக்கும் சீமெந்துத் தரையில் ஆழமான கீறல்கள். நான் அவற்றைப் பார்ப்பதை மிஸ்ஸி கண்டார்.

“மழை தொடங்குனா கட்டில ஹோலுக்கு இழுத்துருவேன். இந்த மழைக்கு இழுக்கல.”

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மிஸ்ஸி.”

“சொல்லியிருந்தா பயத்துல ஓடி வந்து அவசரத்துக்கு ஏதாச்சும் செஞ்சிருப்பீங்க. தண்ணி போற வழிய நீங்களே கண்ணால பார்க்கணும்னு நினைச்சேன்.”

கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்து ஏதோ குழறினார். மிஸ்ஸி குனிந்து கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“மேல் வீட்டு ஆளான்னு கேக்குறாரு. நிக்க வச்சிருக்கியே, கதிரையப் போட்டுத் தேத்தண்ணி குடுன்னு என்னை ஏசுறாரு.”