அம்மா ஒளித்து வைத்த பிறப்புச் சான்றிதழ்

அன்றைக்குக் குழந்தைகள் காப்பகத்தின் முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் காப்பகத்து மேடம். அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கேரட் சீவிக்கொண்டிருந்த ஆயாம்மா. மேசைக்கு இந்தப் பக்கம் நைட் ஷிப்ட் முடித்துச் சிவந்த கண்ணோடு அப்பா, அப்பாவின் தோளில் மூன்று வயதுத் தம்பி, பள்ளிக்கூடப் பையோடு நான். அம்மா இல்லை. அம்மா இல்லாததால்தான் எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது.

நான் எதற்கும் பயப்படுகிறவள். இப்போதும் கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருவேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் என்பதால் இதை எழுதும்போதுகூட எங்கே பிழை விட்டேனோ என்று திரும்பத் திரும்ப மேலே பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு நான் பயந்ததில் நியாயம் இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அதுவரை தம்பியைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரருக்குப் பர்கூர் பக்கம் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். அம்மா ஓசூரில் ஒரு கம்பெனியில் வண்டிகளுக்கு வயர் கட்டுகிற லைனில் இருந்தாள். ட்ரெயினிங் முடிகிற மாதம். ஒரு நாள் லீவு போட்டாலும் பெயரை எடுத்துவிடுவார்கள். "ஒரு வருஷம் பெரியவளை வீட்ல நிறுத்து. நாலாங்கிளாஸ் எங்க ஓடிடப்போவுது?" என்று அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, போனில் சொல்லிவிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அன்று முதல் காப்பகத்தில் தம்பிக்கு இடம் கிடைக்கவேண்டும் என்று என்னைவிட வேண்டிக்கொண்டவர்கள் ஓசூரில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இடம் இருந்தது. ஆனால் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ரத்த வகை, மூன்று போட்டோ, கம்பெனி பெயர், மாதச் சம்பளம், பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்களின் போட்டோவும் நம்பரும். எல்லாவற்றுக்கும் மேலே, பிறப்புச் சான்றிதழ். அதைத் திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவர்களுக்கு.

"பிள்ளையைப் பார்த்துக்கக் கேக்கறாங்களா, லோன் குடுக்கக் கேக்கறாங்களா?" என்றாள் அம்மா.

"லோன்காரன்கூட இவ்ளோ கேக்கலயே. வண்டி வாங்கறப்போ ரெண்டு தாளோட விட்டுட்டான்" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. அவள் கவலை வேறு.

அப்பாவும் அம்மாவும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள். அம்மா வீடு பார்டர் தாண்டி, கன்னடம் பேசுகிற வீடு. பிரசவத்துக்கு அங்கே போனாள். பிள்ளையை இங்கே கொண்டுவந்த பிறகு பெயர் வைப்பது அப்பா வீட்டு உரிமை. செத்துப்போன தாத்தாவின் பெயரான குப்புசாமியைத்தான் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று அத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்படியே தொட்டிலில் போட்டுக் குப்புசாமி என்று காதில் மூன்று முறை சொன்னார்கள். எல்லோருக்கும் அவன் குப்பு.

ஆனால் அதற்கு முன்பே அங்கே ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது மாமா, அம்மாவின் அண்ணன், அவர்கள் ஊர்க் கோயில் சாமியை நினைத்துப் பசவராஜ் என்று எழுதவைத்துவிட்டார். சான்றிதழும் அப்படியே வந்துவிட்டது. அம்மா அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் விரித்திருந்த நியூஸ்பேப்பருக்குக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் வரலைங்க, அலைய விடறாங்க" என்றே மூன்று வருடம் ஓட்டினாள். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது மட்டும் தம்பியைப் பசவா என்று கூப்பிடுவாள். நான் கணக்கில் வராத ஆள்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். அம்மாவுக்குத் தமிழ் எழுத வராது. பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "என்ன பேரும்மா?" என்று கேட்டேன்.

"அந்த எடத்தைக் காலியா வுடு. நான் மேடத்துகிட்ட தனியா பேசிக்கறேன்."

திங்கட்கிழமை அவளுக்கு ஒரு மணி நேரம்கூடப் பெர்மிஷன் கிடைக்கவில்லை. விடியும் முன்பே பஸ் வந்துவிட்டது. என் பையில் ஒரு பழுப்புக் கவரைத் திணித்து, "அப்பா கையில குடுத்துடாத கண்ணு. மேடம் கையில நீயே குடு. சண்டை வந்துடும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சண்டை வந்துடும் என்றால் எவ்வளவு பெரிய சண்டை என்று சொல்லாமல் போய்விட்டாள். அளவு சொல்லாவிட்டால் நான் பெரிதாகத்தான் வைத்துக்கொள்வேன். அம்மா பார்டருக்கு அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம், நானும் தம்பியும் சோதனைச் சாவடியில் நிற்பதாக மொபெட்டில் போகும்போதே நினைத்துக்கொண்டு போனேன்.

முன்னறையில் அப்பா ஜெராக்ஸ்களை எடுத்து அடுக்கினார். "பர்த் சர்டிபிகேட்?" என்றார் மேடம். அப்பா வாயைத் திறக்கும் முன் கவரை மேசைக்கு அடிப்பக்கமாக மேடத்தின் மடியில் போட்டேன். மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பிரித்தார். அவர் பெங்களூரில் படித்தவர். கன்னடத்தைக் கடகடவென்று படித்தார்.

"பசவராஜ். பேர் நல்லா இருக்கே."

எனக்கு என்ன ஆனதோ. "அது வேற பையனோடது மேடம்!" என்று கத்திவிட்டேன்.

ஆயாம்மா கேரட் சீவுவதை நிறுத்தினார். மேடத்தின் முகம் மாறியது. "வேற பையனா? அப்ப இவன் யாரு? பாருங்க சார், போன மாசம் ஒருத்தர் சித்தப்பான்னு சொல்லிக்கிட்டு வந்து ஒரு பிள்ளையைக் கேட்டாரு. யாருன்னே தெரியல. அதனாலதான் இவ்ளோ பேப்பர் கேக்கறேன், எனக்கென்ன ஆசையா? அடுத்தவங்க சர்டிபிகேட்டைக் குடுத்தா நான் சேர்க்க மாட்டேன். எடுத்துக்கிட்டுப் போங்க."

தாளை மடித்துக் கவரில் போட்டு எங்கள் பக்கம் தள்ளினார். தம்பிக்கு இடம் போயிற்று, அம்மாவுக்கு வேலை போயிற்று, எனக்குப் பள்ளிக்கூடம் போயிற்று. எல்லாம் என் வாயால். அழக்கூட வரவில்லை.

அப்பா அந்தக் கவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தம்பியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். அவன் ஆயாம்மாவின் கேரட்டைப் பார்த்து நடந்தான்.

"பசவா" என்றார் அப்பா.

தம்பி திரும்பினான். திரும்பி, "ஆங்?" என்றான்.

"இவனோடதுதான் மேடம். எம்பொண்ணு பயந்தாங்கொள்ளி, எதையாச்சும் உளறும். அவங்க அம்மா பேர், எம் பேர், ரெண்டும் ஆதாரோட ஒத்துப் பாத்துக்கோங்க. வூட்ல குப்புன்னும் கூப்பிடுவோம்."

மேடம் ஒத்துப் பார்த்தார். ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு படிவத்தைத் திருப்பி, "கூப்பிடற பேருக்கும் ஒரு கட்டம் இருக்கு சார், பின்பக்கம். அதையும் காலியா விட்டிருக்கீங்க" என்றார். பேனாவை என்னிடம் நீட்டினார். முன்பக்கம் பசவராஜ், பின்பக்கம் குப்பு. என் கையெழுத்து அவ்வளவு கோணலாக அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"ரெண்டு பேருடா ஒனக்கு, பெரிய ஆளுதான்" என்று ஆயாம்மா தம்பிக்கு ஒரு துண்டு கேரட் கொடுத்தார். அவன் அழாமல் உள்ளே போனான். ஒரிஜினலை மேடம் எங்களிடமே திருப்பித் தந்தார். சம்பளம் எழுதவேண்டிய இடத்தில் தானே ஒரு கோடு போட்டு, "இது எனக்கு எதுக்கு, விடுங்க" என்றார். அப்போதுதான் நான் மூச்சு விட்டேன். மூச்சு விட்ட சத்தம் அப்பாவுக்கே கேட்டது.

பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும்போது கவரை என் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, "நான் பாத்தேன்னு அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

சாயங்காலம் அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "எடம் குடுத்துட்டாங்களா? அப்பா பாத்தாரா?"

"குடுத்துட்டாங்கம்மா. அப்பா பாக்கல."

அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். இரண்டு பேரையும் நான்தான் காப்பாற்றினேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று வருடம் குப்பு என்று மட்டுமே கூப்பிட்ட அப்பாவின் வாயில் பசவா என்பது எப்படி அவ்வளவு பழக்கமாக வந்தது, அந்தக் குரலுக்குத் தம்பி ஏன் அவ்வளவு சாதாரணமாகத் திரும்பினான் என்று யோசிக்கத் தோன்றவே இல்லை.

போன வருடம் மாமா வந்திருந்தபோதுதான் தெரிந்தது. பெயர் எழுதுவதற்கு முன்பே மாமா அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். "வெச்சுக்கோங்க மச்சான். ஆனா எனக்குத் தெரியும்னு அவளுக்கே தெரிய வேணாம். தெரிஞ்சா எங்கக்கா கேக்கறப்போ நாங்க ரெண்டு பேரும் பொய் சொல்லணும்" என்றாராம் அப்பா. சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா அவளைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்து, சர்டிபிகேட் வாங்க பஸ் செலவுக்கும் மற்றதுக்கும் என்று அந்தச் சமயத்தில் மாமா தன்னிடம் கைமாற்றாக வாங்கியதை ஞாபகப்படுத்தினார். மாமா அடுத்த மாதம் தருவதாகச் சொன்னார். முந்நூறு ரூபாய், இன்னும் வரவில்லை.