எக்ஸ்ரே அக்காவும் ஈய எழுத்தும்

எனக்கு முன்கோபம் அதிகம். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்கு அது தொழில் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனி பிரேக்கை வைத்துக்கொண்டு, பகல் முழுவதும் அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு வருகிறவன் வீட்டில் சாந்த சொரூபியாக இருக்க முடியாது. என் மனைவி அப்படியில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்பதுதான் அவள் நாளெல்லாம் பேசுகிற பேச்சு. வீட்டில் நான் கத்தத் தொடங்கினாலும் அதே குரலில், "மூச்சை இழுங்க, பிடிங்க" என்பாள். "விடுங்க" மட்டும் சொல்ல மாட்டாள். எங்கள் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

கம்ப்யூட்டர் சயன்ஸில் முதுகலை படிக்கப் போகிறேன் என்று என் மனைவி சொன்னபோது மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நகரத்து அரசுக் கல்லூரியில், வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பு. கல்யாணத்துக்கு முன்பே தபால் வழியில் கணிதப் பட்டம் வாங்கி வைத்திருந்தவள், இப்போது எங்களுக்கே தெரியாமல் நுழைவுத் தேர்வையும் எழுதித் தேறியிருந்தாள்.

"இந்த வயசுல எதுக்கு?" என்றேன்.

"எங்க ரூமுக்குப் புது மெஷின் வந்திருக்குல்ல. படம் எடுத்த உடனே அதுவே என்னமோ கணக்குப் போட்டு, மங்கலா இருக்கறதைத் தெளிவாக்கிக் காட்டுது. உள்ள என்ன பண்ணுதுன்னு கேட்டா யாருக்கும் தெரியல. எனக்குத் தெரியணும்."

பதவி உயர்வு, சம்பளம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். தெரியணும் என்கிறவளிடம் என்னத்தை வாதாடுவது? மகள்தான், "அம்மா ஹோம்வொர்க் எழுதலைன்னா அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க" என்று முடித்துவைத்தாள்.

கல்லூரி, பஸ் சத்தம் ஓயாத சாலையில் ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடம். கம்ப்யூட்டர் லேப் மேல் மாடியில். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. லேபில் பல கீபோர்டுகளில் எழுத்துகள் தேய்ந்து மொட்டையாக இருந்தன. நாற்காலிகளில் ஒன்றுக்காவது நாலு காலும் ஒழுங்காக இருந்ததா என்றால் சந்தேகம்தான். கூடப் படித்தவர்கள் எல்லாம் இளவட்டங்கள். அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். வகுப்பு முடிந்ததும் அழைத்துப் போக நான் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே போவேன். "அக்கா, இன்னும் லைசன்ஸ் வரலையா?" என்று அந்தப் பிள்ளைகள் கேட்காத நாள் கிடையாது.

ஒரு நாள் அவள் கீழே வர நேரமாகவே, எரிச்சலோடு மாடியேறிப் போனேன். வகுப்பறைக் கதவில் சின்னக் கண்ணாடி. எட்டிப் பார்த்தால், பலகை முன்னால் நின்று எழுதிக்கொண்டிருப்பது இவள். வாத்தியார் முதல் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டுகிறார். கடைசி வரியை எழுதிவிட்டு அவள் திரும்பியபோது, என் மனைவியின் முகத்தை முதல் தடவையாகப் பார்க்கிறவன்போல நின்றேன். திட்ட வந்ததே மறந்துவிட்டது.

காரில், "என்ன எழுதின?" என்று கேட்டேன்.

"எந்தக் கம்ப்யூட்டராலயும் எப்பவுமே பதில் சொல்ல முடியாத கேள்விங்க இருக்குங்க. அதுக்கு நிரூபணம்."

"இன்னைக்கு முடியாது. நாளைக்குப் பெரிய மெஷின் வந்தா?"

"எவ்வளவு பெரிசா வந்தாலும் முடியாது. முடியாதுங்கறதைத்தான் நிரூபிச்சிருக்காங்க. அதுவும் இந்த மெஷின்லாம் வர்றதுக்கு முன்னாடி, வெறும் பேப்பர்ல."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். எனக்குப் புல்லரித்தது. இன்னும் பிறக்காத ஒன்றுக்கு எல்லை எது என்று, அது பிறக்கும் முன்பே ஒருவர் பேப்பரில் எழுதி வைத்திருக்கிறார். அதைப் புரிந்துகொண்ட ஒருத்தி என் வண்டியில், மடியில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள். "என்னங்க, பெட்ரோல் தீந்துடுச்சா?" என்றாள் அவள்.

பிறகு ஆய்வேடு வந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து, நுரையீரலில் கடும் நோய் உண்டா இல்லையா என்று கம்ப்யூட்டரே சொல்ல வேண்டும். அதற்கு விதி எதையும் சொல்லித் தருவதில்லையாம். படங்களைக் காட்டி, இது நோய், இது நோயில்லை என்று சொல்லிக்கொண்டே போனால் அதுவாகப் பிடித்துக்கொள்ளுமாம்.

"நான் வண்டி ஓட்டச் சொல்லித் தர்ற மாதிரியா?"

"ஆமா. ஆனா கத்தாம."

படங்கள் எல்லாம் அவளுடைய எக்ஸ்ரே அறையில் அவளே எடுத்தவை. ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கி, பெயர்களை நீக்கிவிட்டு எடுத்து வந்தாள். அதில் என் படமும் ஒன்று. சில வருடங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு இருமல் வந்து போகவே மாட்டேன் என்றது. என் அப்பா நெஞ்சு நோயில்தான் போனார் என்பதால், இவள் என்னைப் பிடித்து இழுத்துப் போய்ப் படம் எடுத்தாள். ஒன்றுமில்லை என்று வந்தது. எனக்கு அதிலெல்லாம் பயம் கிடையாது. வழியெல்லாம், வேலை கெட்டது என்று திட்டிக்கொண்டேதான் போனேன். "உங்க படத்தையும் சேத்துக்கவா?" என்று இப்போது கேட்டாள். "சேத்துக்கோ, எனக்கென்ன" என்றேன்.

மெஷின் கற்றுக்கொண்டது. எப்படிக் கற்றுக்கொண்டது என்றால், ஒதுக்கி வைத்திருந்த புதுப் படங்களைக் காட்டினாலும் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. அவளுக்கு வழிகாட்டி ஒரு இளம் பேராசிரியர், துறையில் எல்லோரும் சின்ன சார் என்பார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. எங்களுக்கும்தான். மகளின் பள்ளி இறுதித் தேர்வுக்காக என் மனைவி ஒரு வருடம் படிப்பை நிறுத்தியிருந்தாள். அதனால் இந்தப் பருவத்தோடு கெடு முடிகிறது. இதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது, மறுபடி சேரவும் முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தாள். மெஷின் தப்பாகச் சொன்ன படங்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்று அவளை உறுத்தியது. நோயே இல்லாத ஒரு ஆளைக் கடும் நோயாளி என்று அடித்துச் சொல்கிறதாம்.

"ஒண்ணு தப்பினா குடியா முழுகிப்போகும்?" என்றேன்.

"எதைப் பாத்து அப்படிச் சொல்லுதுன்னு தெரியணும்."

மறுபடியும் தெரியணும். படத்தில் ஒரு பகுதியைக் கறுப்புச் சதுரத்தால் மூடி, மெஷினைக் கேட்டாள். நோய் என்றது. சதுரத்தைப் பெரிதாக்கினாள். நோய் என்றது. கடைசியில் இரண்டு நுரையீரலையும் முழுக்க மூடிவிட்டாள். அப்போதும் நோய் என்றது.

மகள் எட்டிப் பார்த்து, "நெஞ்சே இல்லாம நெஞ்சு நோயா?" என்றாள்.

இவள் சிரிக்கவில்லை. நுரையீரலைத் திறந்துவிட்டு, படத்தின் கீழ் மூலையை மட்டும் மூடினாள். நோய் இல்லை என்றது மெஷின். அந்த மூலையில் இருந்தது ஒரு சின்ன வெள்ளை எழுத்து, அவ்வளவுதான்.

எக்ஸ்ரே எடுக்கும்போது இடது எது, வலது எது என்று தெரிவதற்காக ஈயத்தில் செய்த ஒரு எழுத்தை, நெஞ்சை வைத்து நிற்கிற பிளேட்டின் ஓரத்தில் ஒட்டுவார்கள். எங்கே ஒட்டினாலும் குற்றமில்லை. என் மனைவி வேறு படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். நன்றாக இருப்பவர்களின் படத்தில் எழுத்து மேலே, தோளுக்குப் பக்கத்தில். மூச்சுக்குத் திணறுகிறவர்களின் படத்தில் கீழே, இடுப்புக்குப் பக்கத்தில். படம் மாற மாற அவள் முகம் வெளுத்தது.

"இது என் கை" என்றாள்.

"என்ன கை?"

"மூச்சு விட முடியாம நிக்கறவங்க முகத்துக்கு நேரா கையை நீட்டினா இன்னும் பயந்துடுவாங்க. அதனால கீழயே ஒட்டிட்டு வந்துடுவேன் போல. யாரும் சொல்லித் தரலைங்க. இப்படிச் செய்யறேன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். இது பாத்திருக்கு."

இத்தனை ஆயிரம் படங்களைக் காட்டியும் அந்த மெஷின் நுரையீரலைப் படிக்கவே இல்லை. மனது இளகும்போது என் மனைவியின் கை எங்கே போகிறது என்பதைப் படித்திருக்கிறது. கூடவே குடித்தனம் நடத்துகிற எனக்குத் தெரியாதது, அவளுக்கே தெரியாதது, ஒரு பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் சிலிர்த்தது. உடனே கோபமும் வந்தது, அவளுடைய அத்தனை மாலை நேரங்களும் வீணாய்ப் போகிறதே என்று.

"நம்ம நீல கேட் கதைதான் இது" என்றேன். டெஸ்ட் மைதானத்தில் ரிவர்ஸ் எடுக்கத் திணறுகிறவர்களிடம், நீல கேட் கண்ணில் பட்டதும் ஸ்டீயரிங்கைத் திருப்பு என்று சொல்லிவிடுவேன். வண்டி அழகாக உள்ளே போய்விடும். "பாஸ் ஆகறாங்கல்ல? இதையும் அப்படியே விட்டுடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"லைசன்ஸ் வாங்கினப்புறம், போற தெருவுல எல்லாம் நீல கேட் இருக்குமாங்க?"



இதைக் கேட்டதும் சின்ன சார் முகத்தில் ஈயாடவில்லையாம். எழுத்தை மறைத்துவிட்டு மெஷினுக்கு மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். அது குத்துமதிப்பாகச் சொல்வதைவிடக் கொஞ்சம் தேவலை என்ற நிலைக்கு வந்து நின்றுவிட்டது. என் மனைவி ஆய்வேட்டையே திருப்பி எழுதினாள். மெஷின் எப்படி ஏமாற்றியது, அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதுதான் இப்போது விஷயம்.

"வெளியிலேர்ந்து தேர்வு நடத்த வர்றவங்க இதை ஒத்துக்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது மேடம்" என்று சின்ன சார் சொல்லிவிட்டார்.

"தெரியும் சார்" என்றிருக்கிறாள் இவள்.

வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். தேர்வாளர் வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த ஒரு நரைத்த அம்மா. அவருக்குச் சிரிக்கவே வராதோ என்று தோன்றியது. என் மனைவி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். நீல கேட்டைக்கூடச் சொன்னாள். பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு, எல்லாவற்றுக்கும் தொடக்கமான அந்த ஒரு படத்தைத் திரையில் போட்டாள்.

சுவர் அளவுக்குப் பெரிதாக வந்தபோதுதான் கவனித்தேன். கழுத்தெலும்பில் ஒரு முண்டு. சின்ன வயதில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்து, கோணலாக ஒட்டிக்கொண்ட எலும்பு. என் எலும்பு.

"இவருக்கு நோய் இல்ல, மூச்சுத் திணறலும் இல்ல, நல்லா நின்னுக்கிட்டுதான் படம் எடுத்துக்கிட்டார்னு சொல்றீங்க" என்றார் தேர்வாளர். "அப்போ நீங்க சொல்ற கணக்குப்படி எழுத்து மேலதான் இருக்கணும். கீழ ஏன் வந்துச்சு? இதுக்குப் பதில் இல்லைன்னா உங்க விளக்கமே நிக்காதே."

சின்ன சார் தலையைக் குனிந்துகொண்டார். என் ஒருவன் படத்தால் அவள் படிப்பே போகப் போகிறது என்று நினைத்தேன். அவள் திரையைப் பார்த்தபடியே பேசினாள். என் பக்கம் திரும்பவில்லை.

"அவர் பயந்துபோய் இருந்தார் மேடம். வெளிய காட்டிக்கல. என்னைத் திட்டிக்கிட்டேதான் வந்தார். ஆனா பிளேட்ல நெஞ்சை வெச்சப்போ அவர் உடம்பு நடுங்குச்சு. அவருக்கு நோய் இருக்கா இல்லையான்னு அப்போ எனக்கும் தெரியாது. என் கை தானா கீழ போயிருக்கு. நோய் இருக்கறவங்களுக்குன்னு நான் கீழ வைக்கல மேடம். யாரைப் பாத்து எனக்கு மனசு தாங்கலையோ அவங்களுக்கு வெச்சிருக்கேன். மெஷின் அதைத்தான் கத்துக்கிட்டிருக்கு."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் படத்தை மறுபடி பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். எங்களை வெளியே அனுப்பினார்கள், அதிக நேரம் காக்க வைக்காமல் திரும்பக் கூப்பிட்டார்கள். தேறிவிட்டாள். இரண்டு அத்தியாயங்களில் சின்னத் திருத்தம். அந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலையும் ஆய்வேட்டில் சேர்க்க வேண்டும் என்று தேர்வாளர் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் எக்ஸ்ரே அக்காவைச் சூழ்ந்துகொண்டு கத்திய கத்தலில் கட்டடமே அதிர்ந்தது.

காரில் ஏறி உட்கார்ந்தோம். சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. இத்தனை வருடமாக என் பயத்தை யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததாக நினைத்திருந்தேன். அவள் கைக்குத் தெரிந்திருக்கிறது.

"அந்த ரூம்ல ஏசி ஜாஸ்தி" என்றேன். "அதான் நடுங்கியிருக்கும்."

அவள் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"ஆமாங்க. ஏசிதான்" என்றாள்.