ஓர்கன் கேட்டு எழுந்தவர்கள்

பொனிபஸ் அங்கிள் எந்தப் பழைய கட்டடத்தைக் காட்டினாலும் முதலில் அதன் சுவரில் உள்ளங்கையை வைப்பார். பிறகுதான் பேசுவார். மல்கிரேவ் முதியோர் சங்கத்தோடு போகும்போதெல்லாம் இதைக் கவனித்திருக்கிறேன்.

மன்னாரில் இருந்து வந்தவர். மெல்பேர்னில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாதத்தில் ஒரு நாள் எங்களை பஸ்ஸில் கூட்டிப்போய், பிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனின் குவிமாடம், இசைக்குழுவின் பெயர் வைத்த சந்து, புல்வெளியில் இருந்து கச்சேரி கேட்கும் இடம் எல்லாவற்றையும் தமிழில் விளக்குவார். சம்பளம் இல்லை. "அந்த ஒரு நாளுக்குத்தான் மனுசன் சட்டை அயன் பண்ணுறது" என்பார் அவர் மனைவி ஞானமலர் அன்ரி.

போன வருடம் சங்கத்துக்குப் புதுச் செயலாளராக வந்த பிரவீணா, அவருக்குப் பதிலாகப் படித்த வழிகாட்டி ஒருவரை வைக்க நினைத்தாள்.

"ஒருக்கா உங்களோட வந்து பாத்திட்டு முடிவு சொல்லுறன், அங்கிள்."

"வாங்கோ பிள்ளை, வடிவாப் பாருங்கோ."

அன்று நகர மண்டபத்தில் ஓர்கன் கச்சேரி. தேவாலயங்களில் வாசிக்கும் அதே பெரிய குழல் வாத்தியம். முன் வரிசைகளில் இருந்தோம். முதல் நாதம் எழுந்ததும் தரை அதிர்ந்தது. அங்கிள் சட்டென்று எழுந்தார். தேவாலயத்தில் பூசை தொடங்கும்போது எழுவதுபோல நாங்களும் எழுந்தோம். சைவக்காரியான யோகா அன்ரியும் எழுந்தார். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று முணுமுணுத்தார்கள்.

சிலுவை போட நெற்றிக்குப் போன கையை அங்கிள் பாதியில் நிறுத்தித் திரும்பினார்.

"இருங்கோ, இருங்கோ! இது பூசையில்லை. காணிக்கைத் தட்டும் வராது, பயப்பிடாதேங்கோ."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தோம். பிரவீணா மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். "என்ன அங்கிள், அத்தனை சனத்துக்கு முன்னால?"

"ஓம், பிழை என்ரைதான். ஓர்கன் கேட்டால் கால் தன்பாட்டில எழும்புது. ஆனா இந்த வேலைக்கு நான்தான் ஆள். அதில எனக்கு ஒரு சந்தேகமுமில்லை."

அவள் யோகா அன்ரியைப் பார்த்தாள். "நீங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் இல்லையே, நீங்கள் ஏன் எழும்பினீங்கள்?"

"அவர் எழும்பினார், நானும் எழும்பினன். உங்கட படிச்ச ஆள் வந்தால் நான் ஆரைப் பாத்து எழும்புறது? அவர் இங்கிலீசில தொடங்க நான் நித்திரையாப் போவன்."

பஸ்ஸே சிரித்தது. இந்த முறை பிரவீணாவுக்கும் அடக்க முடியவில்லை. "சரி அங்கிள், அடுத்த மாசமும் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

இன்றும் அவர்தான் கூட்டிப்போகிறார். ஓர்கன் கச்சேரி என்றால் கடைசி வரிசையில் இடம் பிடிக்கிறோம். அங்கே எழுந்து நின்றால் யாருக்கும் மறைப்பதில்லை.