கிளவுடுக்குள் ராகுகாலம்

எங்கள் லாஸ்பேட்டை ஆபீசில் அஞ்சலாட்சி அக்கா அளவுக்கு சுத்தமாக புரோகிராம் எழுதுகிறவர் இல்லை. அவர் அளவுக்கு ராகுகாலம் பார்க்கிறவரும் இல்லை. பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரத்தை வெட்டித் துண்டு போட்ட பிறகு மணியைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இரும்மா, கழிஞ்சதும் வாங்கிக்கிறேன்" என்று சொன்னவர். மீன்காரம்மா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

நாங்கள் வேலை செய்வதெல்லாம் கிளவுடில். கணினி எங்கோ கடல் தாண்டி இருக்கிறது, நாங்கள் பிரவுசர் வழியாக உள்ளே போகிறோம். திறந்ததும் முதலில் ஓடும் கோப்பில் அவரவர் தனக்கு வேண்டியதை எழுதி வைத்துக்கொள்ளலாம். போன டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அக்கா தன்னுடையதில் ஒரு காவலையே போட்டார். ராகுகாலத்தில் திறந்தால் கணினி உடனே மூடிக்கொள்ள வேண்டும். மறதியாகக்கூட வேலை தொடங்கிவிடக் கூடாதாம்.

அடுத்த திங்கட்கிழமை, பிரெஞ்சு பென்ஷன்காரர்களுக்காக அவர் செய்த செயலியை முதலாளிக்குக் காட்ட வேண்டும். அக்கா இரண்டு வருடமாகத் தற்காலிகம். செயலி ஒழுங்காக ஓடினால் நிரந்தரம். காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம் என்று மதியம் ஒரு மணியைக் குறித்துக் கொடுத்தவரும் அவர்தான். அரைநாள் லீவு போட்டு, கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்கார்ந்தார். பாரீசிலிருந்து முதலாளி ஜான்-பத்திஸ்த் வீடியோவில் வந்துவிட்டார்.

அக்கா திறந்தார். 'இப்போது ராகுகாலம். பிறகு வரவும்' என்று அவர் எழுதிய வாசகமே வந்தது. மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடியும் மூடிக்கொண்டது. அந்த வரியை அழிக்கலாம் என்றால் அதற்கும் உள்ளே போக வேண்டுமே. எனக்குச் சிரிப்பு வந்தது.

"பாரதி, ஒம்போதுக்கே கழிஞ்சிபோச்சே, இது ஏன் இப்டி பண்ணுது?"

"அக்கா, அந்த மெஷினு நம்ம நேரத்துல ஓடலை. அஞ்சரை மணி பின்னாடி இருக்கு. அதுக்கு இப்பதான் ஏழரை."

சேஃப் மோடில் திறக்கச் சொன்னேன். அப்படித் திறந்தால் நாம் எழுதி வைத்த எதையும் ஓட்டாமல் கணினி வெறுமனே திறக்கும். அக்கா யோசித்தார்.

"அதுக்கு ராகுகாலமாச்சே. போலாமா?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ராகுகாலம் மெஷினுக்கு. வேல உங்களுக்கு. போங்கக்கா."

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். திறந்தது. காவல் வரியை அழித்தார், வழக்கம்போல மறுபடி திறந்தார், செயலி ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

ஜான்-பத்திஸ்த் எங்கள் ஊர் குருசுக்குப்பத்தில் பிறந்தவர், பாரீசில் முப்பது வருடம். முன்னே என்ன தகராறு என்று கேட்டார். அக்காவுக்குப் பொய் வராது. முழுவதையும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வேலை போயிற்று என்றே நான் நினைத்தேன்.

முதலாளி சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவை மூடினார்.

"த்ரே பியென், ரொம்ப நல்லது. உங்க நிரந்தர ஆர்டர் ரெடியாத்தாம்மா இருக்கு. ஆனா இங்க பாரீசுல மணி இப்ப எட்டே முக்கால். ஒம்போது ஆவட்டும், கையெழுத்துப் போடறேன்."